எம்.எல்.ஏ. வேலை சட்டம் செய்வது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எப்படி நம்ப வைப்பது?

பாமணியாறு எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புக் குடிமையியலில் 'மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது' பாடம் அடுத்து வருகிறது. பிள்ளைகளுக்கு 234 தெரியும், 25 வயது தெரியும், மேலவை 1986இல் போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் எம்.எல்.ஏ. வேலை என்ன என்றால் ரேஷன் கடை திறப்பது, காதுகுத்துக்கு வருவது, ரோடு போடுவது, அவ்வளவுதான். சட்டம் யார் செய்வது என்று கேட்டால் பாதிப் பேர் கோர்ட் என்கிறார்கள், ஒருத்தி கலெக்டர் என்றாள். மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று போர்டில் அம்புக்குறி போட்டு விளக்கினால் பரீட்சையில் அம்புக்குறியை அழகாகப் போடுகிறார்கள், எதற்கு அந்த அம்பு என்று கேட்டால் பதில் இல்லை.

வேறு மாதிரி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். "ஆர்வமூட்டும் வகையில்" என்று ஆரம்பிக்கிற பதில் மட்டும் வேண்டாம், அது பயிற்சி வகுப்பிலேயே தேவைக்கு மேல் கிடைக்கிறது.

கடைமடைக்காரன் எழுதியது:

டீச்சர், பிள்ளைகள் சொன்னதில் என்ன தப்பு? நான் தலைஞாயிறு பக்கம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு வயலில் தண்ணீர் நின்றால் நாங்கள் போய் நிற்பது எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான். கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்தாலும் அவருக்குத்தான் போன். எந்த மசோதாவில் அவர் என்ன பேசினார் என்று ஊரில் ஒருத்தரும் கேட்டது கிடையாது. பேசினாலும் ஓட்டு ஏறாது, பேசாவிட்டாலும் இறங்காது. நீங்கள் புத்தகத்தில் இருக்கிற எம்.எல்.ஏ.வைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், பிள்ளை வீட்டில் வேறு எம்.எல்.ஏ.வைப் பார்க்கிறது.

வெண்ணாறு எழுதியது:

கடைமடை அண்ணன் சொல்கிற அந்த வடிகாலையே பிடித்துக்கொண்டு கோட்டைக்குப் போகலாம். ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்களே, அந்தப் பணம் பேரவை ஓட்டுப் போடாமல் கஜானாவை விட்டு வெளியே வராது. நீர்வளத் துறை மானியக் கோரிக்கை (துறைக்கு வேண்டிய பணத்தை அவையிடம் கேட்பது), அதன் மேல் விவாதம், வெட்டுத் தீர்மானம் (அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்வது), அப்புறம் நிதி ஒதுக்கச் சட்டம். மழைக்காலத்தில் வாசலில் போய் நிற்கிறீர்கள், சரி, ஆனால் மானியக் கோரிக்கை விவாதம் நடந்தபோது நம் தொகுதி ஆள் எழுந்து எந்த வடிகாலின் பெயரைச் சொன்னார், சொன்னாரா இல்லையா என்று கேட்டிருந்தால் அது சட்டமன்றப் பாடம். 2021இலிருந்து வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வேறு வாசிக்கிறார்கள், அதில் டெல்டா என்று எங்கெங்கே வருகிறது என்று பிள்ளைகளையே கோடு போடச் சொல்லுங்கள். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள், ஒரு அரை மணி நேரம் வகுப்பில் போடலாம்.

பிள்ளைகள் ரோடு என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறது, அதில் கட்டிய ஒவ்வொரு பேருந்து நிழற்குடையிலும் பெயர் எழுதியிருக்கிறது. மசோதாவில் பெயர் எழுதி வைப்பதில்லை.

நான் ஓய்வு பெற்றவன். என் யோசனை: பாடத்தை வரிசையாக நடத்தாதீர்கள். நம் மண்ணைத் தொட்ட ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு அது பிறந்ததிலிருந்து பின்னால் போங்கள். டெல்டா விளைநிலத்தைக் கெடுக்கும் புதுத் தொழில்களைத் தடுக்கிற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 இருக்கிறதே. அந்த ஆண்டு பிப்ரவரி 9 சேலம் மாவட்டம் தலைவாசலில் முதல்வர் அறிவித்தார், பிப்ரவரி 20 பேரவையில் நிறைவேறியது. நடுவில் பதினோரு நாள். எதிர்க்கட்சி தெரிவுக்குழுவுக்கு (மசோதாவை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழு) அனுப்பச் சொன்னது, ஏற்கவில்லை, வெளிநடப்பு, குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. இந்த நாலு வரியில் உங்கள் பாடத்தில் உள்ள எத்தனை சொல் வந்துவிட்டது பாருங்கள். தெரிவுக்குழு என்றால் என்ன, அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அவசரம் நல்லதா கெட்டதா, இதெல்லாம் பிள்ளைகளே கேட்பார்கள்.

லால்குடி வாழை எழுதியது:

அந்தச் சட்டத்தைச் சொல்லும்போது எங்களையும் சொல்லுங்கள் ஐயா. அறிவித்தபோது திருச்சி, கரூர், அரியலூர் பெயரும் இருந்தது. சட்டமாக வந்தபோது மூன்றும் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுசாக, கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்கள் மட்டும். கல்லணை எங்கள் பக்கத்தில், முக்கொம்பு எங்கள் பக்கத்தில், நாங்கள் டெல்டா இல்லையாம். 2023இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி என்று மூன்று வந்ததே, முதல் இரண்டும் மண்டலத்துக்குள், "சட்டம் இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது. மைக்கேல்பட்டி அரியலூரில் இருப்பதால் மண்டலத்துக்குப் பக்கத்து நிலம், நல்ல விளைநிலம் என்றுதான் சொல்ல முடிந்தது. கடைசியில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள், அது வேறு. ஆனால் அட்டவணையில் ஒரு வட்டாரத்தின் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

குடந்தை வக்கீல் எழுதியது:

வாழை சொன்னது முக்கியம். சட்டத்தின் உயிர் அட்டவணையில்தான். முதல் அட்டவணை எந்த ஊர், இரண்டாவது அட்டவணை என்ன செய்யக் கூடாது. துத்தநாக உருக்காலை, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு எடுப்பது, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாம் அதில் வருகிறது. பிள்ளைகளிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து "உங்கள் ஊரில் உள்ள எது இதில் இல்லை, இருந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இறால் பண்ணை என்று வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளை சொல்லும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று, இந்தச் சட்டம் வந்ததும் ஓ.என்.ஜி.சி. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். அப்படி இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் தொடவில்லை, புதிதாகத் தொடங்குவதைத்தான் தடுக்கிறது. ஏன் இப்படி என்றால் அங்கேதான் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வருகிறது, எந்த விஷயத்தில் ஒன்றியம் சட்டம் போடலாம், எதில் மாநிலம் போடலாம் என்று பிரித்த பட்டியல். எண்ணெய் வயல் ஒன்றியப் பட்டியல் 53. வேளாண்மை மாநிலப் பட்டியல் 14, நிலம் மாநிலப் பட்டியல் 18. சென்னையில் உட்கார்ந்துகொண்டு "எண்ணெய் எடுக்காதே" என்று தனியாக ஒரு சட்டம் போட்டால் உனக்கு அதிகாரம் இல்லை என்பார்கள். "இது விளைநிலம், இதைக் காக்கிறேன்" என்று வேளாண்மை வழியாக வந்தால் நிற்க இடம் கிடைக்கும். பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில் இந்த ஒரு உதாரணத்தை ஒரு பீரியட் முழுக்கப் பேசினால் போதும். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானதும் அதன் பெயர் சட்டத்தில் இல்லாமல் போய் 2023இல் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். திருத்தச் சட்டம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டடி மெட்டீரியல் எழுதியது:

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. போர்ஷன் யார் முடிப்பது? கேள்வித்தாளில் "ஆளுநரின் அதிகாரங்கள் யாவை" என்று வரும், வடசேரி வராது.

பாமணியாறு எழுதியது:

வராது, தெரியும். அதற்குத்தான் கடைசி இரண்டு பீரியடை ஒதுக்கி வைத்திருக்கிறேன், அட்டவணை போட்டு எழுத வைத்துவிடலாம், அதற்கு அதிக நேரம் ஆகாது. எனக்குப் பயம் வேறு. 2020 சட்டம் என்றால் எந்த ஆட்சி, யார் வெளிநடப்பு என்று வந்துவிடும். வகுப்பில் இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களின் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலம் "டீச்சர் எங்கள் தலைவரைக் குறை சொன்னார்" என்று வீட்டுக்குப் போனால் மறுநாள் தலைமை ஆசிரியர் அறையில் நான் நிற்க வேண்டும்.

சோழமண்டலம் எழுதியது:

அரசியலே வேண்டாம் என்றால் குடவோலை முறையை எடுங்கள் மேடம். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 10ஆம் நூற்றாண்டு. 30 குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுப்பது, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தது நம் சோழநாடு. பிள்ளைகளுக்குப் பெருமையாகவும் இருக்கும்.

வெண்ணாறு எழுதியது:

தம்பி, உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம், சோழநாடு அல்ல, தொண்டை மண்டலம். அது போகட்டும். அந்தக் கல்வெட்டைப் பெருமைக்காக மட்டும் சொல்லாமல் முழுசாக வாசித்துக் காட்டினால் நானும் ஆதரிக்கிறேன். யார் பெயரை ஓலையில் எழுதலாம்? வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. வகுப்பில் இருக்கிற பிள்ளைகளிடம் "உங்கள் வீட்டில் யாருடைய பெயர் அந்தக் குடத்தில் விழும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகள் எல்லாரும் அந்த நிமிடமே வெளியே. அப்புறம், அந்த வாரியங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டன, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டன, இன்றைய கணக்கில் அது நிர்வாகம். சட்டமன்றத்தைச் சொல்லப் போய் நிர்வாகத்தைச் சொல்லிவிட்டு வருவோம். எல்லாப் பாடப்புத்தகமும் இதை ஒரே பத்தியில் கலந்துகட்டி எழுதுவதில் எனக்கு எரிச்சல் உண்டு.

கீழத்தஞ்சை எழுதியது:

குடவோலைக்கு ஆயிரம் வருடம் பின்னால் போவதற்கு முன்னால் 1952க்குப் போங்கள். என் தாத்தா பண்ணையாள். இந்த விஷயம் எங்கள் வீட்டில் பாடம் இல்லை, பேச்சு.

1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அப்போது ராஜாஜி முதல்வர். அவர் தேர்தலில் நிற்கவில்லை, ஆளுநர் மேலவைக்கு நியமித்து அப்படியே முதல்வரானார், காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, சபையில் மொத்தம் 375 இடம், ஆந்திரா மலபார் எல்லாம் சேர்ந்த பழைய சென்னை மாநிலம். தஞ்சை முழுக்கக் குத்தகைக்காரர்களையும் பண்ணையாட்களையும் நிலத்தை விட்டு வெளியேற்றிக்கொண்டிருந்த நேரம், விவசாயிகள் சங்கம் ஒரு பக்கம் போராட்டம். அவை கூடியிருக்காதபோதுதான் அவசரச் சட்டம் போட முடியும், அவை கூடி ஆறு வாரத்துக்குள் ஒப்புதல் வாங்காவிட்டால் செத்துப்போகும். அதே ஆண்டு அது 14ஆம் சட்டமாக நிறைவேறியது. அவசரச் சட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தின் பெயரே உதாரணமாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஏன் டெல்லி உதாரணம்?

சட்டத்தின் உள்ளே போனால் இன்னும் இருக்கிறது. குத்தகைதாரருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6.66 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிற மிராசுதாருக்குத்தான் பொருந்தும். இங்கே நிறுத்திப் பிள்ளைகளைக் கேளுங்கள். நீ மிராசுதார், உனக்கு மூன்று வேலி இருக்கிறது, இந்தச் சட்டம் உன்னைப் பிடிக்காமல் இருக்க என்ன செய்வாய்? எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும், பெண்டாட்டி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று. நீங்கள் எதையும் விளக்க வேண்டியதே இல்லை. சட்டத்தில் ஒரு எண்ணை எழுதுகிறவன் எவ்வளவு யோசிக்க வேண்டும் என்று அதற்கே தெரிந்துவிடும்.

அப்புறம் 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி. 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி நெல் கூட்டிக் கேட்ட சண்டை. எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு சொல்வது என்பது டீச்சர் விருப்பம், ஆனால் அதற்கு அடுத்து என்ன வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். விசாரணைக்கு கணபதியா பிள்ளை ஆணையம், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவன் கூலி கூட்டிக் கேட்டால் "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பான். அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் செய்தது 1971 சட்டம். நாங்கள் இன்று இருக்கிற மனை அந்தச் சட்டத்தில் வந்தது. எம்.எல்.ஏ. வேலை என்ன என்று எங்கள் தெருப் பிள்ளையிடம் கேட்டால் வீட்டுத் திண்ணையைக் காட்டலாம்.

கட்சிச் சண்டைக்கும் இதில் இடமில்லை. 1952 ஒரு கட்சி, 1969, 1971 வேறு கட்சி, போராடியது மூன்றாவது கட்சி. யாரும் உங்கள் மேல் புகார் சொல்ல முடியாது.

பாமணியாறு எழுதியது:

கீழத்தஞ்சை, நன்றி. கேட்கலாமா தெரியவில்லை, அந்த மனைப் பட்டாவின் நகல் (பெயர், எண் மறைத்து) வகுப்பில் காட்டக் கிடைக்குமா?

கீழத்தஞ்சை எழுதியது:

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் டீச்சர். பெட்டியில் இருக்கிறது, வெளியே எடுக்க விடுவாரா என்பதுதான் கேள்வி.

அரசலாறு எழுதியது:

நானும் ஆசிரியர்தான், அரசுப் பள்ளி. மாதிரிச் சட்டமன்றம் என்று ஆண்டு விழாவில் நடத்துவார்களே, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மேசையைத் தட்டுவது, மைக்கைப் பிடுங்குவது, ரசிகர்கள் கைதட்டுவது, அதை நான் அறவே விட்டுவிட்டேன். பிள்ளைகள் டி.வி.யில் பார்த்த சத்தத்தை மட்டும் நடித்துக் காட்டுகிறார்கள். அதற்குப் பதில் ஒரு நிஜ மசோதாவை எழுத வைப்பேன். எங்கள் வகுப்பின் மசோதா அறுவடை இயந்திர வாடகை ஒழுங்குமுறை மசோதா.

ஏன் இது என்றால் எல்லா வீட்டிலும் இதைப் பற்றிக் கருத்து இருக்கிறது. சம்பா அறுப்பு ஒரே நேரத்தில் வரும், வெளி மாவட்டத்திலிருந்து வண்டி வரும், ஒரு மழை பெய்தால் வாடகை ஏறும். முதலில் ஒருத்தன் எழுதிக்கொண்டு வந்தது: "அறுவடை வண்டிக்கு அதிக வாடகை வாங்கக் கூடாது." நான் எதுவும் சொல்லவில்லை, அவையில் வைத்தேன். அடுத்த பெஞ்சுப் பையன், அவன் அப்பாவிடம் வண்டி இருக்கிறது, எழுந்து "எது அதிகம்?" என்றான். முடிந்தது. அங்கிருந்து பிரிவு பிரிவாக வேலை ஆரம்பம்.

வரையறைப் பிரிவுக்கே பெரிய சண்டை. டயர் வண்டியும் பெல்ட் வண்டியும் ஒன்றா? தண்ணீர் நிற்கிற வயலில் பெல்ட்தான் இறங்கும், அதற்கு வாடகை கூட. வைக்கோல் கட்டுகிற மெஷின் இதில் சேருமா? சேர்க்கச் சொல்லி ஒரு மாணவி திருத்தம் கொடுத்தாள், எழுத்தில், ஒரே வரியில், எந்தப் பிரிவில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்று. வாயால் சொல்கிற திருத்தம் செல்லாது என்பது நான் வைத்த விதி. பாதிச் சத்தம் அதிலேயே அடங்கிவிட்டது. அப்புறம் வாடகையை யார் நிர்ணயிப்பது, சட்டத்திலேயே ரூபாயை எழுதுவதா, மாவட்ட ஆட்சியர் பருவத்துக்குப் பருவம் அறிவிப்பதா? எழுதினால் அடுத்த வருடம் டீசல் ஏறும்போது மறுபடி அவையைக் கூட்ட வேண்டும், ஆட்சியரிடம் விட்டால் அவர் யாரைக் கேட்டு நிர்ணயிப்பார்? சட்டம் வேறு, சட்டத்தின் கீழ் போடுகிற விதி வேறு என்பது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது. தண்டனைப் பிரிவில் அபராதம் ஓட்டுநருக்கா சொந்தக்காரருக்கா என்று கேட்டது யாரும் எதிர்பார்க்காத ஒரு அமைதியான பையன்.

ஓட்டெடுப்பில் பேரவை மரபையே வைத்துக்கொண்டோம். ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க. சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது, சமமாக வந்தால் மட்டும் உண்டு. குறைவெண் (அவை நடக்க இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பத்தில் ஒரு பங்கு அல்லது பத்துப் பேர், எது அதிகமோ அது, பேரவைக்கு 24 வரும், எங்கள் வகுப்புக்குப் பத்து. வண்டிக்காரர் கட்சி (அவர்களே வைத்துக்கொண்ட பெயர்) கோபித்துக்கொண்டு வராந்தாவுக்கு வெளிநடப்பு செய்தது. அவர்கள் திரும்பி வருவதற்குள் மூன்று பிரிவு நிறைவேறிவிட்டது. நாங்கள் இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். நீங்கள் இல்லாததால்தான் என்றேன். வெண்ணாறு ஐயா சொன்ன 2020 வெளிநடப்பை இதற்கு அடுத்த நாள் சொன்னால் கட்சிப் பிரச்சினையே வராது, ஏன் போனார்கள், போனதில் என்ன லாபம், என்ன நட்டம் என்று பிள்ளைகள் அனுபவஸ்தர்களாகப் பேசுவார்கள்.

ஸ்டடி மெட்டீரியல் எழுதியது:

எத்தனை பீரியட் ஆச்சு?

அரசலாறு எழுதியது:

நிறைய. உடற்கல்வி சாரிடம் கடன் வாங்கினேன், இன்னும் திருப்பித் தரவில்லை.

புது ஆறு எழுதியது:

தஞ்சாவூர், கல்லூரி மாணவன். நான் பள்ளியில் படித்தபோது கட்சித்தாவல் தடைச் சட்டம் என்றால் 52ஆவது திருத்தம், 1985, பத்தாவது அட்டவணை, இவ்வளவுதான். எங்கள் தொகுதியிலேயே அது நடந்துகொண்டிருந்தது, யாரும் வகுப்பில் சொல்லவில்லை. 2016 பொதுத்தேர்தலில் பணப் பட்டுவாடா புகாரால் தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் தேர்தலைத் தள்ளிவைத்து நவம்பரில் நடத்தினார்கள். 2017 செப்டம்பரில் சபாநாயகர் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்ததில் எங்கள் எம்.எல்.ஏ.வும் ஒருவர். வழக்கு நடந்து 2019 ஏப்ரலில்தான் இடைத்தேர்தல். அதுவரை தஞ்சாவூருக்குக் கோட்டையில் ஆள் இல்லை. ராஜராஜன் கட்டிய ஊருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

என் சந்தேகம் ஒன்று. அந்த 18 பேர் அவையில் கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உறுப்பினர்களுக்குச் சொல்பவர்) உத்தரவை மீறி ஓட்டுப் போடவே இல்லையே, ஆளுநரிடம் கடிதம்தானே கொடுத்தார்கள்? அப்புறம் எப்படி?

குடந்தை வக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அந்த அட்டவணையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போடுவது, அல்லது போடாமல் இருப்பது. இன்னொன்று தானாகக் கட்சி உறுப்பினர் பதவியை விட்டுக்கொடுப்பது. ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம் என்றில்லை, நடத்தையை வைத்தும் முடிவு செய்யலாம். முதல்வருக்கு ஆதரவை விலக்குகிறோம் என்று ஆளுநரிடம் கொடுத்த கடிதத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் சரி என்றார். படித்தவர்களே பிரிந்து நின்ற விஷயம், வகுப்பில் ஒரே சரியான விடை என்று சொல்லாதீர்கள்.

அரசலாறு சார் கொறடாவையும் சேர்த்திருக்கலாம். வண்டிக்காரர் வீட்டுப் பையனை விவசாயி கட்சியில் உட்கார வைத்துக் கொறடா உத்தரவு போட்டுப் பாருங்கள்.

கடைமடைக்காரன் எழுதியது:

வக்கீல் சார், எனக்கும் ஒன்று. மேகதாது அணை கூடாது என்று சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேற்றினார்களே, 2022 மார்ச்சில், எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். கிராம சபையிலும் நாங்கள் நிறைவேற்றினோம். அப்புறமும் கர்நாடகாக்காரர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்?

குடந்தை வக்கீல் எழுதியது:

அண்ணே, அது தீர்மானம், சட்டம் இல்லை. அவையின் கருத்தைப் பதிவு செய்வது, ஒன்றிய அரசை வலியுறுத்துவது. அரசியல் கனம் உண்டு, கட்டுப்படுத்துகிற பலம் கிடையாது. சட்டம் என்றால் மசோதா, பிரிவு, ஆளுநர் ஒப்புதல், அரசிதழ் என்று போக வேண்டும். அதுவும் நம் அவை போடுகிற சட்டம் கர்நாடகத்தின் எல்லைக்குள் செல்லாது. காவிரிக்கு வழி 1956ஆம் ஆண்டு நாடாளுமன்றம் போட்ட மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம். 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, அரசிதழில் 2013, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி, அதே ஆண்டு ஜூனில் மேலாண்மை ஆணையம். அந்த ஆணையம் அந்தச் சட்டத்தின் 6ஏ பிரிவில் போட்ட திட்டத்தால் வந்தது. நாடாளுமன்றப் பாடத்துக்கு டீச்சர் இதை எடுத்துக்கொள்ளலாம். கிராம சபையையும் சட்டமன்றத்தையும் ஒரே மாதிரிப் பிள்ளைகள் நினைப்பதும் இந்தத் தீர்மானம் என்ற ஒற்றுமையால்தான்.

பாமணியாறு எழுதியது:

ஆளுநரை விட்டுவிட்டோம். பாடத்தில் "ஆளுநர் ஒப்புதல் அளித்ததும் சட்டமாகும்" என்று ஒரே வரி. போன வருடம் பிள்ளைகளே கேட்டார்கள், ஒப்புதல் கொடுக்காவிட்டால் என்ன என்று.

குடந்தை வக்கீல் எழுதியது:

அரசியலமைப்பின் 200ஆவது பிரிவு. ஒப்புதல் தரலாம், நிறுத்தி அவைக்கே திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை அவை மறுபடி நிறைவேற்றினால் நிறுத்தி வைக்கக் கூடாது. நடைமுறையில் எங்கே சிக்கும் என்பதற்கு நீட் விலக்கு மசோதா உண்டு: 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் திரும்பி வந்து, அதே மாதம் மறுபடி நிறைவேறி, டெல்லிக்குப் போய், கடைசியில் ஒப்புதல் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், ஆளுநர் நிறுத்தி வைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8இல் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் முடியாது, ஆனால் காரணமில்லாமல் முடிவே எடுக்காமல் வைத்திருக்கவும் கூடாது என்று கருத்துச் சொன்னது. எட்டாம் வகுப்புக்கு இரண்டையும் சொல்லுங்கள். அம்புக்குறி அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து போகும், அவ்வளவுதான்.

பாமணியாறு எழுதியது:

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் பீரியட் 1952, அந்த ஒரு வேலிக் கேள்வி. அடுத்து 2020 சட்டத்தின் இரண்டு அட்டவணை, வாழை சொன்ன விடுபட்ட மாவட்டங்களோடு. அதற்கப்புறம் அரசலாறு சாரின் அறுவடை வண்டி மசோதா, கொறடாவும் உண்டு, ஆளுநராக உடற்கல்வி ஆசிரியரை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன், அவரிடம் நானும் பீரியட் கடன் கேட்க வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டும் பரீட்சைக்கு. மசோதாவின் முதல் வரைவைப் பிள்ளைகளே எழுதட்டும். அதை எதிர்த்துப் பேச விவரம் தெரிந்த ஒருவரின் வாதம் எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும், எங்கள் வகுப்பில் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை இல்லை.

கடைமடைக்காரன் எழுதியது:

நான் வாங்கித் தருகிறேன் டீச்சர். எங்கள் ஊரில் இரண்டு பெல்ட் வண்டி வைத்திருக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். வாடகையைச் சட்டம் போட்டுக் குறைக்கப் போகிறார்கள் என்று சொன்னேன், நிஜம் என்று நினைத்து அரை மணி நேரம் பேசினார். வண்டிக்கு வாங்கிய கடன், பெல்ட் மாற்றுகிற செலவு, ஆள் கூலி, மழையில் சும்மா நிற்கிற நாளுக்கு யார் கொடுப்பது, இத்தனையும் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மசோதா என்று அப்புறம்தான் சொன்னேன். "பிள்ளைகளா இருந்தா என்ன, எழுதிக் கொடு, மூணாவது பிரிவுல வண்டிக்காரங்க சங்கத்தையும் கலந்துதான் வாடகை வைக்கணும்னு ஒரு வார்த்தை போடச் சொல்லு" என்றார். நாளைக்கு அனுப்புகிறேன்.